ஊற்றுநீர் வேலைக்கு எல்லாரும் சரி என்கிறார்கள், யாரும் கையெழுத்துப் போடவில்லை. எங்கே தொடங்குவது?

ஓடைக்கரை:

வணக்கம். கோத்தகிரி வட்டத்தில் ஒரு ஹட்டி (படகர் ஊர்), 130 வீடு. குடிநீருக்கு ஒரே ஊற்றுதான். மழைக்காலத்தில் கவலை இல்லை. மார்ச், ஏப்ரலில் நிமிடத்துக்கு 9 லிட்டராகக் குறைந்துவிடுகிறது. ஊற்றைச் சீரமைக்க ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 14 லட்சம் ஒதுக்கியிருக்கிறது. மார்ச் 31-க்குள் செலவு செய்து கணக்குக் கொடுக்க வேண்டும். ஒருங்கிணைக்கும் வேலை என்னுடையது.

ஊற்றுக்கு மேலே 11 சிறு தேயிலை விவசாயிகளின் தோட்டம். அதற்கும் மேலே ஒரு எஸ்டேட்டுக்குச் சொந்தமான நாலு ஏக்கரில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்). அதைத் தாண்டினால் காப்புக்காடு. ஊற்றை ஒட்டிய சதுப்பில் கேரட், பீன்ஸ் போடுகிறார்கள்; கிணறு தோண்டி மோட்டார் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கிணற்றிலிருந்து காட்டேஜ் ஒன்றுக்கு டேங்கர் போகிறது.

'ஊற்றைப் பாதுகாப்போம்' என்று கூட்டம் போட்டால் எல்லாரும் வருகிறார்கள், கைதட்டுகிறார்கள். ஒப்புதல் கடிதம் கேட்டால் பின்வாங்குகிறார்கள். தேயிலைக்காரர்களுக்குக் குழி வெட்டினால் செடி போய்விடுமோ என்று பயம். காய்கறிக்காரர்களுக்கு மோட்டாரை நிறுத்தச் சொல்வோமோ என்று பயம். எஸ்டேட் மேனேஜர் தலைமை அலுவலகத்தைக் கேட்கணும் என்கிறார். வனத்துறையில் எழுத்தில் கொடுங்கள் என்கிறார்கள். பெண்கள் முதலில் பைப்பைச் சரிசெய்யுங்கள் என்கிறார்கள். எல்லாரையும் ஒரே இலக்குக்குள் கொண்டுவருவது எப்படி? இந்த மாதிரி வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மலைச்சரிவு:

வணக்கம் சார். 'ஊற்றைப் பாதுகாப்போம்' என்பதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. அதனால்தான் கைதட்டல் வருகிறது, கையெழுத்து வருவதில்லை. ஒருவர் ஒத்துக்கொள்கிறாரா என்று தெரிய, மறுக்கக்கூடிய ஒன்றை அவர் முன் வைக்க வேண்டும். ஒரு எண், ஒரு மாதம், யாருக்கு என்ன குறையும், அதை யார் ஈடுகட்டுவது. இந்த நாலும் இருந்தால்தான் அது இலக்கு.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 9 லிட்டர் என்றால் மணிக்கு 540, நாளைக்கு 12,960 லிட்டர். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 520 பேர். ஆளுக்கு 25 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் அளவு ஆளுக்கு 55 லிட்டர், அதாவது ஊருக்கு 28,600. பாதிகூட இல்லை.

இந்த 25-ம் வீட்டுக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். தொட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 2,000 லிட்டர் தொட்டி என்றும், ராத்திரி 8 மணிக்கு வால்வை மூடி காலை 6-க்குத் திறக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து மணி நேரத்தில் ஊற்று கொடுப்பது 5,400 லிட்டர். தொட்டி நாலு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். மிச்சம் 3,400 லிட்டர் வழிந்து ஓடைக்குப் போகும். நாள் முழுக்கச் சுரப்பதில் கால் பங்குக்கு மேல். அப்போது வீட்டுக்குச் சேர்வது ஆளுக்கு 18 லிட்டர்தான். பக்கத்தில் 5,000 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்தால், ஊற்று ஒரு சொட்டும் கூடாமலே 18 மறுபடி 25 ஆகும். பெண்கள் பைப்பைச் சரிசெய்யச் சொல்வது பிடிவாதம் இல்லை, கணக்கு அவர்கள் பக்கம் இருக்கிறது. அதை முதலில் செய்யுங்கள். சொன்னதைச் செய்பவர் என்ற பெயர் உங்களுக்கு வேண்டும். பைப்பும் தொட்டியும்தான் அதை வாங்கித் தரும்.

அதன் பிறகு இலக்கை இப்படி எழுதலாம்: வரும் ஏப்ரலில் ஆளுக்கு 25 லிட்டர் வீடு வந்து சேர வேண்டும், மூன்றாவது ஏப்ரலில் 35. முப்பத்தைந்துக்கு ஊற்று நிமிடத்துக்கு பன்னிரண்டரை லிட்டருக்கு மேல் கொடுக்க வேண்டும். மேலே மண்ணில் செய்யும் வேலை ஊற்றில் தெரிய இரண்டு மூன்று மழைக்காலம் பிடிக்கும். அடுத்த வருஷமே தண்ணீர் பொங்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். முதல் ஏப்ரலில் நம்பிக்கை போனால் இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் வராது.

எண்ணை நீங்கள் மட்டும் அளந்தால் அது உங்கள் எண். ஊற்று வாயில் களிமண் அணைத்து ஒரு பிவிசி குழாயைச் செருகுங்கள், தண்ணீர் முழுக்க அதன் வழியே வரட்டும். கீழே 10 லிட்டர் வாளி. செல்போனில் நேரம் பாருங்கள். 9 லிட்டர் ஓட்டம் என்றால் வாளி நிரம்ப 67 விநாடி ஆகும். மூன்று தடவை பிடித்து சராசரி எடுங்கள். வாரம் ஒரு நாள், மோட்டார் போடுவதற்கு முந்தைய விடியற்காலை. தேயிலைக்காரர் ஒருவர், காய்கறிக்காரர் ஒருவர், ஊர்ப் பெண்கள் குழுவில் ஒருவர் கூட நிற்க வேண்டும். தேதியையும் விநாடியையும் தொட்டிச் சுவரிலேயே பெயிண்டில் எழுதிவிடுங்கள். ஒரு மாதத்தில் ஊரே அந்த எண்ணைப் பற்றிப் பேசும். யாருடைய எண் என்ற கேள்வியும் எழாது.

பொதுக்கூட்டத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். பத்துப் பேர் முன்னால் யாரும் தன் பயத்தைச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேலையில் உங்களுக்கு எது போகும்? எது நடந்தால் நீங்கள் விலகிவிடுவீர்கள்? யார் சரி என்றால் நீங்களும் சரி என்பீர்கள்? மூன்றாவது கேள்வியில்தான் ஊரின் உண்மையான வரைபடம் கிடைக்கும். பதினொரு தேயிலைக்காரர்களில் எட்டுப் பேர் ஒரே ஆளின் பெயரைச் சொன்னால், நீங்கள் பேச வேண்டியது அந்த ஒருவரிடம்.

தண்ணீர் திறந்துவிடுபவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீர்களா? எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம், எந்த இணைப்பில் கசிவு, யார் வீட்டில் பைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் மனது வைக்காவிட்டால் புதுத்தொட்டி வைத்தும் பயன் இல்லை.


பச்சைத்தேயிலை:

மேலே அண்ணன் சொன்னது சரி. தேயிலைக்காரர்கள் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

'குழி வெட்டணும்' என்றதும் அவர்கள் கண்ணில் தெரிவது பெரிய அகழி. அது வேண்டவே வேண்டாம். செடி வரிசைக்கு வரிசை நாலடி இருக்கும். அந்த இடைவெளியில் சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஆறடி நீளத்தில் கான் (சிறு பள்ளம்) வெட்டி, ஓரடி மண்ணைத் தடுப்பாக விட்டு அடுத்ததை வெட்டலாம். ஒரு செடியும் போகாது. அடித்து வரும் மேல்மண் கானில் தங்கும், அதை எடுத்துத் தூரில் போடலாம். எஸ்டேட்டுகளில் காலங்காலமாக இருக்கிற வழக்கம்தான். வாயால் விளக்காமல், ஒருவர் தோட்டத்தில் நாலு வரிசைக்கு வெட்டிக் காட்டி மற்றவர்களைக் கூட்டிப்போய் நிறுத்துங்கள்.

இடம் தேர்ந்தெடுக்க ஒரு வழி: அந்த வருஷம் கவாத்து போடுகிற தோட்டத்தில் தொடங்குங்கள். அங்கே இலை வராத காலம், ஆள் நடமாட இடம் இருக்கும், வெட்டிய கிளையைக் கானின் மேல்பக்கம் பரப்பினால் மண் அரிப்பும் குறையும். கொழுந்து தள்ளுகிற தோட்டத்துக்குள் மண்வெட்டியோடு போனால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

அவர்களுக்கு உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஊற்றுக்கு மேலே 100 அடிக்காவது களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்று கேட்கப்போகிறீர்கள், கேட்கத்தான் வேண்டும், குடிக்கிற தண்ணீர். அப்படியானால் கையால்தான் களை எடுக்கணும். மருந்து அடித்தால் ஒரு ஆள் ஒரு நாளில் முடிப்பதற்குக் கையால் பல ஆள் கூலி ஆகும். இந்தக் கூலி வித்தியாசத்தைத் திட்டத்திலிருந்து மூன்று வருஷத்துக்குக் கொடுப்போம் என்று எழுதிக்கொடுங்கள். அந்தப் பட்டையில் நிலம் இருப்பது பதினொரு பேருக்கும் இல்லை, மூன்று நாலு பேருக்குத்தான் இருக்கும். தொகை சிறியது. ஆனால் 'எங்களிடம் மட்டும் கேட்கிறார்கள், எங்களுக்கு ஒன்றும் இல்லை' என்ற பேச்சு அதோடு அடங்கும்.

நேரம் ரொம்ப முக்கியம். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் இலை அதிகம். அப்போது பகலில் கூட்டம் வைக்காதீர்கள். சாயங்காலம் இலை எடை போடுகிற இடத்தில் அரை மணி நேரம் நின்று பேசினால் போதும், எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். ஹெத்தை ஹப்பா (படகர் திருவிழா) சமயத்தில் ஊரில் வேறு எந்தப் பேச்சும் எடுபடாது, அந்த நாட்களை விட்டுவிடுங்கள். பச்சைத்தேயிலை விலை விழுந்திருக்கிற மாதத்தில் ஆட்கள் சலிப்போடு இருப்பார்கள். அவர்கள் விலையைப் பற்றிப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள், ஆனால் அதற்கும் ஏதாவது செய்கிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.


பூம்பாறைப் பூண்டு:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் ஓடையோரத் தோட்டம், மோட்டார், காட்டேஜ் டேங்கர் எல்லாம் உண்டு. அதனால் காய்கறிக்காரர்கள் விஷயம் மட்டும்.

அவர்களுடைய கிணறு ஊற்றை இழுக்கிறதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஊர் மட்டும் தீர்ப்பு சொல்லிவிட்டது. அந்த நிலையில் அவர்களைக் கூட்டத்தில் உட்காரவைத்தால் குற்றவாளிக் கூண்டில் ஏறியது போல் இருக்கும். முதலில் சோதித்துப் பாருங்கள். மார்ச்சில், மழை இல்லாத ஒரு வாரத்தில், எல்லா மோட்டாரையும் 48 மணி நேரம் நிறுத்த வேண்டும். முந்தைய நாளே பயிருக்கு முழுத் தண்ணீர் கட்டிவிடச் சொல்லுங்கள், பீன்ஸ் பூவில் இருக்கும் நாட்களைத் தவிர்த்து அவர்களையே தேதி சொல்லச் சொல்லுங்கள். நிறுத்துவதற்கு முன், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, மறுபடி போட்டபின் என்று வாளி அளவு எடுங்கள். கிணற்று நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து பக்கத்தில் குறியுங்கள்.

67 விநாடி 67-லேயே நின்றால் இந்த இரண்டு நாள் சோதனையில் அவர்கள் மேல் பழி இல்லை. அதைப் பொதுக்கூட்டத்தில் நீங்களே சொல்லவேண்டும். 67 குறைந்து 55, 50 என்று வந்தால் அவர்கள் கண்முன்னே வந்தது, வாதாட ஒன்றும் இல்லை. அப்போதும் மோட்டாரை எடு என்று ஆரம்பிக்காதீர்கள். மார்ச் முதல் மே வரை மூன்று மாதம், ராத்திரி மோட்டார் போடுவதில்லை, பகலில் முறைவைத்து இரண்டிரண்டு மோட்டார் என்று கேளுங்கள். ராத்திரி நிறுத்தினால் விடியற்காலை ஊருக்குத் தண்ணீர் திறக்கும் நேரத்தில் ஊற்று தேறியிருக்கும். அதற்குப் பதிலாகத் திட்டத்திலிருந்து சொட்டுநீர், தெளிப்பான் வாங்க விவசாயியின் பங்குத்தொகையைக் கொடுக்கலாம். மானியத்துக்குத் தோட்டக்கலைத்துறையில் விண்ணப்பம் போடவைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

காட்டேஜ் விஷயம் கொஞ்சம் கசப்பானது. 6,000 லிட்டர் டேங்கர் ஒரு லோடு என்றால், உங்கள் ஊற்று 11 மணி நேரம் சுரக்கிற அளவு. இந்தக் கணக்கை அவரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் பேரைச் சொல்லி எழுப்பினால் அடுத்த நாள் அவர் வேறு கிணற்றுக்குப் போவார், அவ்வளவுதான். கூரைநீர் சேமிக்கச் சொல்லலாம்: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர், வழிந்தது போக 800 லிட்டர் கைக்கு வரும். ஆனால் அது மழைக்காலத்துக்குத்தான் கைகொடுக்கும். ஏப்ரலுக்குச் சேர்த்துவைக்கப் பெரிய தொட்டி வேண்டும், அந்தச் செலவு அவருடையது. அவரிடம் கேட்க வேண்டியது மார்ச் முதல் மே வரை இந்தச் சதுப்பிலிருந்து எடுக்காமல் இருப்பது. தண்ணீர் விற்கிற கிணற்றுக்காரருக்கு அதனால் வருமானம் போகும், அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நஷ்டப்படுகிற அந்த ஒருவரை மறந்துவிட்டால் அவர்தான் கடைசியில் எல்லாவற்றையும் கலைப்பார்.


கோப்பு எண்:

அலுவலகப் பக்கம் பற்றி.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ஊற்று இருக்கும் சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் பதிவேடு) நகலும் புல வரைபடமும் எடுங்கள். பட்டாவா, புறம்போக்கா, காப்புக்காட்டு எல்லைக்கு உள்ளேயா என்று தெரியாமல் எந்த அதிகாரியிடமும் போகாதீர்கள். புறம்போக்கு என்றால் தாசில்தாரும் பஞ்சாயத்தும். எல்லைக்கு உள்ளே என்றால் மாவட்ட வன அலுவலர். ரேஞ்சரிடம் போய் அனுமதி கேட்டால் அவரால் மேலே அனுப்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும், அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரால் சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: எல்லைக் கல் எங்கே என்று கூட வந்து காட்டுவீர்களா? அதை நில அளவையரோடு சேர்ந்து ஒரு பகலில் முடித்துவிடலாம்.

எஸ்டேட் நாலு ஏக்கரை இந்த வருஷத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. மரம் வெட்டுவது 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். அந்த இடம் தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் சேரும். அனுமதி மாவட்டக் குழு வழியாக வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அது கிடைத்தால்தான் மற்ற வேலை என்று கட்டிப்போட்டால் மார்ச் 31 போய்விடும். அனுமதி கிடைத்தாலும் சரிவில் ஒரே வருஷத்தில் மொட்டையடிக்கக் கூடாது, மண் பிடிப்பு போய்விடும். கற்பூர மரம் வெட்டிய தூரிலிருந்து தழையும். சீகை விதையிலிருந்து புதராக முளைத்து வரும், தொடர்ந்து பிடுங்க ஆள் வேண்டும். மேனேஜரிடம் இப்போது கேட்க வேண்டியது ஒரு பக்கக் கடிதம்: ஆய்வுக்கு உள்ளே வர அனுமதி, அவ்வளவே. அதைத் தலைமை அலுவலகம் சீக்கிரம் கொடுக்கும்.

ஜேசிபி வேண்டாம். நீலகிரியில் அதற்கு ஆட்சியர் அனுமதி தேவை, கேட்காமல் இறக்கினால் திட்டமே நின்றுவிடும். இந்த வேலைக்கு ஆள் வைத்து வெட்டுவதே போதும்.

கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் பொருத்தம்தான், ஆனால் நிதியாண்டு முடிய ஒன்பது நாள்தான் இருக்கும். அதற்கு முந்தையதில் நிறைவேற்றிவிடுங்கள். தீர்மானத்தில் 'ஊற்று மேம்பாடு' என்று பொதுவாக எழுதாமல் சர்வே எண், தொட்டியின் கொள்ளளவு, பராமரிப்பவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பதவியில் இல்லாத காலமானால் தனி அலுவலரைப் பார்க்க வேண்டும். அதிகாரி மாறினாலும் தீர்மானப் புத்தகம் மாறாது. எந்தக் கூட்டம் நடந்தாலும் மூன்று நாளுக்குள் ஒரு பக்கக் குறிப்பு எல்லா அலுவலகத்துக்கும் போக வேண்டும், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் நிறுவனமும் சம்பந்தப்பட்டவர்தான், அதை மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு மார்ச் 31 முக்கியம், உங்களுக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். தொட்டி, பைப், அளவைக் குழாய் இந்த நிதியாண்டில். கான் வெட்டுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நடவு அக்டோபர் மழையோடு; இவை அடுத்த தவணை என்று திருத்திக் கேளுங்கள். டிசம்பருக்குப் பிறகு பள்ளத்தில் நட்டால் உறைபனியில் கருகும். எத்தனை நாற்று நட்டீர்கள் என்பதை இலக்காகப் போட்டிருந்தால் அதை நீக்கி ஏப்ரல் மாத வாளி அளவைப் போடச் சொல்லுங்கள். நாற்று எண்ணிக்கை இலக்காக இருக்கும்வரை உங்கள் ஆட்கள் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள்.


ஓடைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. தொட்டி 2,000 லிட்டர்தான், மலைச்சரிவு சார் கணக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டு சந்தேகம். கான் எங்கே வெட்டுவது என்று எப்படி முடிவு செய்வது? ஊற்றுக்கு நேர் மேலேயா? இன்னொன்று, ஊரில் இரண்டு பெரியவர்களுக்குள் ஆகாது. ஒருவர் முதலில் கையெழுத்துப் போட்டால் மற்றவர் போட மாட்டார்.


மலைச்சரிவு:

நேர் மேலே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாறையின் சாய்வும் மேலே கிடக்கிற மக்கிய மண்ணின் ஆழமும்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தீர்மானிக்கும். பக்கத்துச் சரிவிலிருந்தும் வரலாம். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை ஊற்று, சதுப்பு வேலை செய்கிறார்கள். உதகையில் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆளை வரவழைத்து இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். கூட தேயிலைக்காரர்களும் நடக்கட்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீடுகளுக்கு மேலே இருக்கிற செங்குத்தான சரிவிலும், பழைய மண்சரிவு தழும்பு உள்ள இடத்திலும், வெடிப்பு தெரிகிற இடத்திலும் தண்ணீரைத் தேக்கும் எந்தக் குழியும் கூடாது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஊறிய மண்ணில் மேலும் தண்ணீரை இறக்கினால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியும். அங்கே கான் வடிகாலாக இருக்க வேண்டும், தேக்கமாக இருக்கக் கூடாது. இதை நீங்களே முதலில் சொன்னால், மற்றதில் உங்கள் பேச்சை நம்புவார்கள்.


பச்சைத்தேயிலை:

பெரியவர்கள் விஷயத்துக்கு: ஒரே தாளில் ஒருவர் கீழே ஒருவராக வாங்காதீர்கள். ஆளுக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் அவருக்குரியது மட்டும் இருக்கட்டும்: சர்வே எண், அவர் செய்வது, அவருக்குத் திட்டம் செய்வது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, விலக நினைத்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். விலகும் வழி எழுதியிருந்தால் போடத் தயங்குகிறவர்களும் போடுவார்கள். இரண்டு பெரியவர்களையும் ஒரே நாளில், அவரவர் வீட்டில் பார்த்துவிடுங்கள். பொதுக்கூட்டத்தில் வாசிக்கும்போது வீட்டு எண் வரிசையில் வாசியுங்கள்.


கோப்பு எண்:

அந்தத் தாளை இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். நிலத்தின் மேல் எந்த உரிமையும் மாறவில்லை என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். பட்டா போய்விடுமோ என்ற பயம் வாய்விட்டுச் சொல்லப்படாது, ஆனால் பாதிப் பேர் தயங்குவது அதனால்தான். வீட்டில் வயதானவர் பெயரில் பட்டா இருந்து, தோட்டத்தை மகன் பார்த்துக்கொண்டால் இரண்டு பேர் கையெழுத்தும் வாங்குங்கள்.